மூக்கில் எண்ணெய்: உங்களுக்குச் சரி, பேத்திக்கு வேண்டாம்

கேள்வி: முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். வயது 46. ஆனி, ஆடிக் காற்று ஆரம்பித்தாலே மூக்கு காய்ந்து, உள்ளே பொருக்குத் தட்டி எரிகிறது. சிந்தினால் சில நாள் லேசாக ரத்தமும் வருகிறது. தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சைனஸ், தலைவலி, ஞாபகமறதி எல்லாம் போகும் என்று செல்போனில் ஒரு வீடியோ வந்தது. வீட்டு நல்லெண்ணெயை விடலாமா? ஏழு மாதப் பேத்திக்கும் குளிப்பாட்டும்போது ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுகிறோம். எங்கள் ஆச்சி காலத்து வழக்கம்.

பதில்: உங்கள் மூக்குக்கு விடலாம். சைனஸும் ஞாபகமறதியும் அந்த வீடியோக்காரர் பாடு. காய்ந்த மூக்குக்கு ஈரப்பசை கிடைக்கும், பொருக்கு இளகும், அவ்வளவுதான் நான் உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு நசியம் என்று பெயர். சித்த மருத்துவத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்லியிருக்கிறது. ஆயுர்வேதத்தில் தினசரி இரண்டு சொட்டு விடுவது பிரதிமர்ச நசியம். அதற்கு மேல் அளவு கூட்டி விடுவதெல்லாம் வைத்தியர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது. கடையில் கிடைக்கும் அணு தைலம் நல்லெண்ணெயில் ஆட்டுப்பால், சந்தனம், தேவதாரு, வெட்டிவேர் என்று பல சரக்குகள் சேர்த்துக் காய்ச்சியது. வறட்சிக்கு மட்டும் என்றால் சுத்தமான செக்கு நல்லெண்ணெயே போதும். விளக்கேற்ற வாங்கிய தீப எண்ணெயை மட்டும் தொடாதீர்கள்.

ரத்தம் கசிகிறவரை சொட்டு விட வேண்டாம். சுண்டுவிரல் நுனியில் தொட்டு, மூக்கின் வாசலில் உள்பக்கமாகப் பூசுங்கள். புண் ஆறிய பிறகு, எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, மணிக்கட்டில் விட்டுச் சூடு பாருங்கள். மல்லாந்து படுத்து, தோளுக்குக் கீழே தலையணை வைத்து, பக்கத்துக்கு இரண்டு சொட்டு. பலமாக உறிஞ்சக் கூடாது. தொண்டைக்கு இறங்குவதைத் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட உடனே, தலைக்குக் குளித்த உடனே, காய்ச்சல், புதுச் சளி இருக்கும்போது வேண்டாம்.

வேலை முடிந்து, மூக்கை உப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு விடுங்கள். எண்ணெய்ப் பசையோடு பீடி சுற்றும் சுளவுக்கு (முறத்துக்கு) முன்னால் உட்கார்ந்தால் பீடித்தூள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். உங்கள் எரிச்சலுக்குக் காற்று பாதிக் காரணம் என்றால் தூள் மறுபாதி. சுற்றும்போது மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டுங்கள்; அடைத்த அறையை விடத் திண்ணை மேல்.

ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்காமல் முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, ஒரே பக்கம் மட்டும் ரத்தம், நாற்றம் என்றால் எண்ணெயை நம்பி நாள் கடத்தாதீர்கள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான ஆஸ்பத்திரியில் காட்டலாம், இல்லையென்றால் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவு.

இனி பேத்தி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இன்றோடு நிறுத்துங்கள். தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் பிள்ளை புரையேறி இருமி வெளியே தள்ளிவிடும். எண்ணெய் அப்படி இல்லை. இருமலைத் தூண்டாமலே வழுக்கி நுரையீரலுக்குள் போய்விடலாம். போனது கரையாமல் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும், அதுவும் ஒரு வகை நிமோனியாதான். காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது பிள்ளை வீறிட்டு அழுது, ஒவ்வொரு அழுகைக்கும் ஆழமாக மூச்சை இழுக்குமே, நாம் சொட்டு விடுவது சரியாக அந்த நேரத்தில்தான். தேங்காய் எண்ணெயானாலும் இதேதான். மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் வேண்டாம்.

உங்கள் ஆச்சி பத்துப் பிள்ளைக்கு விட்டிருப்பார், ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கும். எந்தப் பிள்ளைக்கு உள்ளே இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. மூக்கடைப்பு என்றால் மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதை நான் தடுக்கவில்லை.

பிள்ளைக்கு விடாத இருமல், வேகமான மூச்சு, பால் குடிக்கத் திணறல் ஏதாவது இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். மூக்கில் எண்ணெய் விட்டதையும், எத்தனை மாதமாக என்பதையும் திட்டுவாரோ என்று மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சாதாரணச் சளி மருந்து கேட்காதபோது எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.