காதல் நாவல் படிக்கும் மகளும் மேற்படிப்பும்

அன்புள்ள அம்மாவுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்திருக்கும் உங்கள் மகள், பாடப்புத்தகத்துக்கு நடுவே கைபேசியை வைத்துக் காதல் நாவல் படிக்கிறாள், கண்டித்தால் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளை மேற்கொண்டு என்ன படிக்க வைப்பது, கைபேசியைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தோழியின் கைபேசியில் படிப்பாள். உங்களிடம் பேசுவதைத்தான் நிறுத்துவாள்.

அந்தக் கதைகளில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். நல்ல காதல் நாவலில் இருவரும் சேர்வது பாதிக் கதைதான். ஒரே வீட்டில் பேசாமல் வாழும் கணவன் மனைவி, தகப்பன் போன பிறகு தம்பி தங்கைகளைச் சுமக்கும் பெண், வேலையை விட மறுக்கும் மருமகள் என்று நம் வீடுகளில் இருப்பவர்களே அங்கே வருகிறார்கள். இறுதியில் எல்லாம் சரியாகிவிடும் என்று முன்பே தெரிவதால், நடுவில் வரும் துயரத்தை வாசகி அச்சமின்றி முழுமையாக அனுபவிக்கிறாள். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏக்கத்துக்கும் குற்ற உணர்வுக்கும் அவளுக்குச் சொற்கள் கிடைக்கின்றன. 17 வயதில் அது சிறிய பேறு அல்ல. ரமணிசந்திரன் நாவல்களைக் கைமாற்றிப் படித்த தலைமுறைப் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இணையத்தில் தொடராக வரும் கதையின் ஒவ்வொரு அத்தியாயமும் பரபரப்பான இடத்தில் நிற்கும். இன்னும் ஒன்று என்று படித்தால் நள்ளிரவாகிவிடும். தேர்வு ஆண்டில் தூக்கம் கெடக்கூடாது. படிக்கும் நேரத்தை அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்றால் நல்லது. இன்னொன்று எனக்கு உண்மையாகவே கவலை தருவது. 'ஆன்ட்டி ஹீரோ' கதைகள் சிலவற்றில் நாயகன் மிரட்டுவதும் கை ஓங்குவதும் காதலின் ஆழமாகக் காட்டப்படுகின்றன. தடை போட்டால் இதைப் பற்றிப் பேசவே முடியாது. அந்தக் கதைகளில் ஒன்றை நீங்களும் படியுங்கள். "இவன் செய்தது சரியா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.

இனி மேற்படிப்பு. கதை பிடிக்கும் என்பதற்காக எழுத்தாளராகிவிடுவாள் என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் தமிழில் மிகக் குறைவு. ஆனால் எழுதுவதற்காக வேறு படிப்பைக் கைவிட வேண்டியதும் இல்லை. 'லட்சுமி' என்ற பெயரில் குடும்ப நாவல்கள் எழுதிய திரிபுரசுந்தரி ஒரு மருத்துவர். 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்.

அவளுடைய ஆர்வம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிடித்த நாவலைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். 'அவள் ஏன் பொய் சொன்னாள்' என்று பாத்திரத்தின் மனத்துக்குள் போகிறாள் என்றால் உளவியலையும் சமூகப்பணியையும் யோசிக்கலாம். உயிரியல் படித்தது உளவியலுக்குக் கைகொடுக்கும். ஆனால் இளங்கலையோடு அந்தத் துறையில் நிற்க முடியாது. மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் அதற்குரிய மேற்படிப்புகளை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். அத்தனை ஆண்டுகளுக்கான செலவை இப்போதே கணக்கிடுங்கள். 'இந்த இடத்தில் கதை இழுக்கிறது, இந்த உரையாடல் ஒட்டவில்லை' என்று எழுதினால் அவளுக்குப் பதிப்பாசிரியரின் கண் இருக்கிறது. தமிழ் அல்லது ஆங்கில இலக்கியம், காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன்) ஆகியவை அதற்குப் பொருந்தும். பதிப்பகம், மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், தொலைக்காட்சித் தொடரின் கதைக்குழு என்று வேலைகள் உண்டு. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதையும் அவளிடம் மறைக்காதீர்கள்.

அவள் ஏற்கெனவே ரகசியமாக எழுதிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் பிரதிலிபி போன்ற தளங்களில் வெளியிடச் செலவில்லை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் எழுத்தாளராகச் சொந்தக் கணக்குத் தொடங்க 18 வயது நிறைய வேண்டும். எங்கே வெளியிட்டாலும் சொந்தப் படமும் ஊர் விவரமும் வேண்டாம். பணம் கேட்டுப் புத்தகம் போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் இப்போது போகவே வேண்டாம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். அந்த ஒரு பக்கத்தையும், அவளுக்குப் பிடித்த நாவல்கள் இரண்டையும், பிடிக்காமல் பாதியில் விட்ட ஒன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.