கவுன்சலிங் சீட்டா, கடன் வாங்கி சிஎஸ்ஸா?

கேள்வி: அண்ணா, டிஎன்இஏ கவுன்சலிங்ல, அதான் தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன்ல, எனக்கு டென்டேடிவ் அலாட்மென்ட் (தற்காலிக சீட்) வந்துருச்சு, காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்). நான் லிஸ்ட்ல முதல்ல போட்டது கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், ரெண்டாவது மதுரை தியாகராஜர் இசிஇ, மூணாவதுதான் இது. இதுக்கு நடுவுல சென்னை பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் தர்றோம், உடனே அட்வான்ஸ் கட்டுங்கன்னு மாமாவுக்கு போன் மேல போன். அப்பா லோடு வண்டி ஓட்டுறாரு, கடன் வாங்கியாவது சேத்துவிடுறேங்கறாரு. எங்க வீட்ல காலேஜ் போற முதல் ஆளு நான்தான். ரெண்டு நாள்ல கன்ஃபர்ம் பண்ணணும், என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தங்கச்சி, உனக்கு அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன், இதே குழப்பத்துல இன்னும் நிறைய பேர் இருப்பாங்கன்னுதான் இங்கயும் போடறேன்.

அந்த அட்வான்ஸ கட்ட வேணாம்னு மாமாகிட்ட முதல்ல சொல்லிடு. முதல் பட்டதாரிக்கு அரசு தர்ற கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியா வர்றவங்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்ல சேந்தா அது கிடையாது. ஆக நீ ஒரு சலுகையையும் விட்டுட்டு அதுக்கு மேல வட்டியும் கட்டணும், அதுவும் நாலு வருஷத்துக்கு, ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் தனி. சிஎஸ் நல்ல பிராஞ்ச்தான், இல்லன்னு சொல்லல, ஆனா அந்தப் பேருக்காக அப்பா தலையில இவ்ளோ பெரிய கடன ஏத்தறது எனக்கு மனசு ஒப்பல.

காரைக்குடி சாதாரண இடம் இல்லம்மா. 1952ல ஆரம்பிச்ச அரசு காலேஜ், அட்டானமஸ், அதாவது தன்னாட்சி. அதே ஊர்லதான் சிக்ரி இருக்கு, பேட்டரி ஆராய்ச்சி பண்ற மத்திய அரசு ஆய்வகம். எலக்ட்ரிக் வண்டி ரோட்டுல ஓட ஆரம்பிச்சிருக்குற இந்த நேரத்துல ட்ரிபிள் ஈ படிக்கிற பொண்ணுக்கு அது பக்கத்துலயே இருக்குறது பெரிய விஷயம். சாஃப்ட்வேர் கம்பெனிகளும் சிஎஸ் பசங்கள மட்டும் எடுக்கறதில்ல, கோடிங் தெரிஞ்சா ட்ரிபிள் ஈ ஆளயும் எடுக்குறாங்க, அத நீ ஃபர்ஸ்ட் இயர்லயே தனியா கத்துக்க ஆரம்பிச்சிடு. கேட்ங்கிற (GATE) தேசிய தேர்வு எழுதினா என்டிபிசி, பவர்கிரிட் மாதிரி பொதுத்துறைக்கும் வழி இருக்கு.

அடுத்து சீட்ட கன்ஃபர்ம் பண்றப்ப தேர்ந்தெடுக்க வேண்டிய ஆப்ஷன், நிறைய பேர் தடுமாறுறது இங்கதான். ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ குடுத்தா காரைக்குடியோட முடிஞ்சுது. ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்’ குடுத்தா இந்த சீட்ட கையில வச்சுகிட்டே மேல இருக்குற ரெண்டுக்கும் காத்திருக்கலாம், சொன்ன தேதிக்குள்ள பணம் மட்டும் கட்டிடணும். ‘டிக்ளைன் அண்ட் அப்வேர்ட்’ பக்கமே போகாத, மேல கிடைக்கலன்னா இதுவும் போயிடும். அப்வேர்டுலயும் ஒண்ணு இருக்கு, மேல உள்ளது கிடைச்சிட்டா காரைக்குடி சீட் தானா வேற ஒருத்தருக்கு போயிடும், அப்புறம் அழுதாலும் திரும்ப வராது. அதனால ஜிசிடியோ தியாகராஜரோ கிடைச்சா நிஜமாவே சந்தோஷமா போவியான்னு யோசிச்சுக்கோ. தியாகராஜர்ல நீ போட்ட பிரிவுக்குப் பக்கத்துல எஸ்எஸ்னு இருக்கான்னு பாரு, இருந்தா அது சுயநிதி பிரிவு, ஃபீஸ் கூட வரும். அதுக்கும் சரின்னா ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்’ குடு. இல்லன்னா ‘ஜாயின்’ குடுத்துட்டு நிம்மதியா பெட்டி கட்டு.

நீ அரசு உதவி பெறும் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து தமிழ் மீடியம் படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும், காலேஜ்ல சேந்ததும் கேட்டு அப்ளை பண்ணிடு. முதல் பட்டதாரி சர்டிஃபிகேட்ட இன்னும் வாங்கலன்னா இ-சேவை மையத்துக்கு இன்னைக்கே போ. பாஸ்வேர்ட, ஓடிபிய பிரவுசிங் சென்டர்காரர் கையில குடுத்துடாத, அப்பாவ பக்கத்துல வச்சுகிட்டு கன்ஃபர்ம் பட்டன நீயே அழுத்து.