சைத்தானின் கை

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு ஊர் தேங்காய்ப்பட்டணம். இப்போது சவூதியில், தம்மாமில் வேலை. என் அறையில் இருக்கும் குளச்சல்காரர் கிறிஸ்தவர். லூசிபர் என்ற தேவதூதன் பெருமை பிடித்து, விண்ணிலிருந்து விழுந்துதான் சாத்தான் ஆனான் என்கிறார். நம் இபுலீசும் அப்படி விழுந்த மலக்குதானா, அதாவது தேவதூதன்தானா, இல்லை ஜின்னா? ஹாரூத், மாரூத் என்ற இரண்டு மலக்குகள் பாவம் செய்து பாபிலோனில் தலைகீழாகத் தொங்குவதாகச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். உண்மையா? ரமலானில் சைத்தான்களை விலங்கிடுகிறார்கள் என்றால் அப்போதும் தப்பு நடப்பது எப்படி? என் மகனுக்கு ஆறு வயது. எல்லாவற்றுக்கும் இடது கைதான். அது சைத்தானின் கை என்று மிரட்டித் திருத்தப் பார்க்கிறோம். அவன் உம்மா அந்தக் கையில் துணி சுற்றிவிடுகிறாள். அப்படியும் மாறவில்லை.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். கேள்விகளை வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேயே கண் நின்றுவிட்டது.

முதலில் இபுலீசு. ‘அவன் ஜின்களில் ஒருவனாக இருந்தான்’ என்று குர்ஆனில் கஹ்ஃபு என்ற சூராவின், அதாவது அத்தியாயத்தின், 50வது வசனம் சொல்கிறது. மலக்குகள் ஒளியால் ஆனவர்கள், இட்ட கட்டளையை மீறாதவர்கள். ஜின்கள் நெருப்பால் ஆனவர்கள், நம்மைப் போலவே பணியவும் மீறவும் முடிந்தவர்கள். கண் இமைக்கும் நேரம்கூட அவன் மலக்காக இருந்ததில்லை என்று பழைய அறிஞர் ஹசன் பஸரி அடித்துச் சொன்னார். மலக்குகளில் ஒரு கூட்டத்துக்கே ஜின் என்று பெயர், அதில் இருந்தவன்தான் இவன் என்ற பேச்சும் பழைய தஃப்ஸீர்களில், அதாவது குர்ஆன் விளக்க நூல்களில், உண்டு. உங்கள் அறைத்தோழரோடு இதற்காக மல்லுக்கு நிற்காதீர்கள். பெருமைதான் அவனைக் கெடுத்தது என்பதில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பேச்சுதான்.

ஹாரூத், மாரூத் பற்றிக் குர்ஆனில் ஒரே ஒரு வசனம், பகரா சூராவில் 102. ‘நாங்கள் ஒரு சோதனை, நிராகரித்துவிடாதே’ என்று எச்சரிக்காமல் அவர்கள் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்றுதான் அதில் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கிய கதை அதில் இல்லை. ரமலான் கேள்வி இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

இப்போது அந்தக் கை.

எனக்கும் இடது கைதான் தம்பி. தக்கலையில் நான் ஓதப்போனபோது அங்கிருந்த உஸ்தாது என் இடது கையைச் சட்டைக்குள் விட்டு மேலே பொத்தான் போட்டுவிடுவார். ‘சைத்தான் கை வெளியே வரப்படாது.’ வலது கையால் சிலேட்டில் அரபியின் முதல் எழுத்தான அலிஃப் இழுத்தால் அது கோணிக்கொண்டு போகும், பிரம்பு விழும். அரபி வலமிருந்து இடம் போகிற எழுத்து. வலது கையால் எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் எழுதியது கைபட்டு அழியும். உஸ்தாது இல்லாத நேரம் நான் இடது கையால் எழுதினேன், ஒரு எழுத்துகூட அழியவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய வயதில் நான் பயந்தேன். எனக்குள் சைத்தான் இருப்பதால்தான் இது இவ்வளவு அழகாக வருகிறது என்று நம்பினேன். அந்த வருஷம் எனக்குத் திக்குவாய் வந்தது. இன்றும் மேடையில் ஏறினால் முதல் சொல் சிக்கும்.

என் பாட்டி, உம்மும்மாதான் ஒருநாள் பொத்தானைக் கழற்றி கையை வெளியே எடுத்தாள். ‘படச்சவன் தந்த கைய கெட்டிப்போட இவன் ஆரு மக்களே?’ என்றாள். சோறு மட்டும் வலது கையால் தின்னப் பழக்கினாள், பொறுமையாக, விரலைப் பிடித்து. சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா தர்காவில் அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைப் பாடும் ராத்திரி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் விடிய விடிய பாடினார்கள். நான் அவள் மடியில் படுத்திருந்தேன். இந்தக் கையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சைத்தான் இடது கையால் உண்கிறான், நீங்கள் வலது கையால் உண்ணுங்கள் என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. நான் மறுக்கவில்லை. சாப்பாட்டுக்குச் சொன்ன ஒழுங்கை எடுத்து, பென்சில் பிடிக்கும் ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பில் ஒரு பாகத்தையே சைத்தானுக்கு எழுதிக்கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? இறைவனின் இரண்டு கைகளுமே வலது கைகள் என்றும் ஒரு ஹதீஸ் ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் உண்டு. அதை ஏன் யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை?

இபுலீசின் கதையை இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறீர்களே, அவன் செய்த குற்றம் என்ன? ஆதமுக்கு ஸுஜூது செய்யச் சொன்னபோது, தலை தாழ்த்திப் பணியச் சொன்னபோது, ‘அன கைரும் மின்ஹு’ என்றான். நான் அவனைவிட மேலானவன், என்னை நெருப்பால் படைத்தாய், அவனைக் களிமண்ணால் படைத்தாய் என்றான். அஃராஃபு சூராவில் 12வது வசனம். படைத்ததில் இருக்கும் வித்தியாசத்தைக் காட்டி ஒருவனைத் தாழ்த்திய முதல் பேச்சு அதுதான். ஆதமும் தவறினார். ஆனால் ‘எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம்’ என்று அழுதார். இவனோ ‘நீதான் என்னை வழிகெடுத்தாய்’ என்று படைத்தவன் மேலேயே பழி போட்டான். என் கை வலது, உன் கை இடது, ஆகவே உன்னிடம் சைத்தான் என்று சொல்லும்போது அந்தப் பேச்சைப் பேசுவது யார் தம்பி? பிள்ளையா, நீங்களா?

இன்னொன்று. மறுமையில் சைத்தானே எழுந்து பேசுவதாக இப்ராஹீம் சூராவில் 22வது வசனம் வருகிறது. ‘உங்கள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் கூப்பிட்டேன், நீங்கள் வந்தீர்கள். என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள்.’ கூப்பிட மட்டுமே தெரிந்தவன் அவன். ஒரு குழந்தையின் கைக்குள் புகுந்து பென்சிலைப் பிடிக்கிற வேலை அவனுக்குக் கொடுக்கப்படவில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன். பிள்ளையை விட்டுவிட்டு அவ்வளவு தூரத்தில் கிடக்கிறீர்கள், போன் வழியாகத்தான் வளர்க்க முடிகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். இன்றைக்குப் பேசும்போது முதலில் உம்மாவிடம் அந்தத் துணியை அவிழ்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவன் கை நல்ல கை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உம்மா சொன்னால் போதாது, வாப்பா சொல்ல வேண்டும். ஒரு தாளில் அந்தக் கையால் அலிஃப் எழுதட்டும். அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.