மார்கழியில் எந்தத் தேதி?

கடலூர் வாசகர் ஒருவர் எழுதியது, சுருக்கமாக:

"என் அம்மாவுக்கு வயது 58. நிணநீர்ப் புற்றுநோய்க்காகப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கீமோ எடுத்து வந்தார். வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்ததால் ஜனவரி 6 அன்று இரண்டு படுக்கை அறையில் சேர்த்தோம். 9ஆம் தேதி பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அவருடைய மாமியாரே 'அம்மா வந்திருக்கிறாள்' என்று சொல்லித் தலைமாட்டில் வேப்பிலை வைத்தார். செவிலியரிடம் சொன்னோம், 'அலர்ஜிதான், பயப்படாதீர்கள்' என்றார். 12ஆம் தேதி இரவு அந்தப் பெண்ணை வேறு அறைக்கு மாற்றினார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 13ஆம் தேதி பொங்கலுக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். 24ஆம் தேதி அம்மாவுக்கு அம்மை போட்டது. நுரையீரலைத் தாக்கி, வேறு மருத்துவமனையில் 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் செலவு. தம்பி ஆத்திரத்தில் வீடியோ வெளியிட்டான். இப்போது முதல் மருத்துவமனை, ஜனவரியில் கட்டிய 1 லட்சத்து 12 ஆயிரத்தைத் திருப்பித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. எனக்குப் பணம் வேண்டாம், அவர்கள் சிறைக்குப் போக வேண்டும். மார்கழியில் அடுத்த தெருவில் இருக்கும் தங்கையின் மகனுக்கும் அம்மை போட்டுத் தண்ணீர் ஊற்றினோம், ஆனால் அது வேறு."

வழக்கறிஞரின் பதில்:

உங்கள் கடிதம் ஏழு பக்கம். எனக்கு வேண்டியிருந்தது ஆறாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் கிடந்தது: 'ஆனால் அது வேறு.' அது வேறு அல்ல. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்ததும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

காவலாளி மரியாதையில்லாமல் பேசியது, கேன்டீன் கஞ்சி, மருத்துவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னது, இவை எதையும் நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவில் எழுத வேண்டாம். இரண்டு படுக்கை அறை தந்ததையும் பெரிதாக்காதீர்கள். சேர்க்கைப் படிவத்தில் அந்த அறையைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்டவர் நீங்கள்.

கணக்குக்கு வருவோம். சின்னம்மைக் கிருமி உடம்புக்குள் புகுந்து கொப்புளமாக வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அம்மாவுக்கு 24ஆம் தேதி தெரிந்தது என்றால், தொற்றியது ஜனவரி 3க்கும் 14க்கும் இடையில். அதில் 6 முதல் 13 வரை அவர் மருத்துவமனையில் இருந்தார். பக்கத்துப் படுக்கையில் கொப்புளம் கண்ட 9ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 15 நாள். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே பொருந்துகிறது. மிச்சம் இருப்பது ஜனவரி 3, 4, 5. அந்த மூன்று நாளும் அம்மா கடலூரில், உங்கள் வீட்டில். பொங்கலுக்கு முந்தைய நாள் யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதும் கேட்கப்படும், ஆனால் அது சின்னக் கேள்வி. இந்த மூன்று நாள்தான் வழக்கு.

கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அம்மை பரவும். மார்கழி பிறந்தது டிசம்பர் 16. தங்கை மகனுக்கு மார்கழி பத்துக்குள் முத்துக் காய்ந்துவிட்டது என்றால் அவன் இந்த வழக்கில் இல்லை. மார்கழி 19, 20, 21இல் புதுக்கொப்புளத்தோடு இருந்து, பாட்டி ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால், மருத்துவமனைக்கு வேறு சாட்சியே தேவையில்லை. 'மார்கழியில்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதி?

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள் வீட்டுப் பெண்களுக்கு மறக்காது. ஆனால் ஆணையத்துக்கு ஞாபகம் போதாது, தாள் வேண்டும். பையன் பள்ளிக்குப் போகிறவன் என்றால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்திருக்கும். தேர்வுக்கு வரவில்லை என்றால் வருகைப் பதிவேட்டில் இருக்கும், விடுப்புக் கடிதம் இருக்கும். அந்தக் கடிதத்தின் மதிப்பு உங்கள் ஏழு பக்கத்துக்கு இல்லை.

தேதி பாதகமாக இருந்தால் அதை மாற்றிச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நான் பார்த்தவரை கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். 24ஆம் தேதி இரண்டாவது மருத்துவமனையில் அம்மாவைச் சேர்க்கும்போது பணி மருத்துவர் கட்டாயம் கேட்டிருப்பார்: 'வீட்டில் யாருக்காவது அம்மை இருந்ததா?' பதற்றத்தில் உங்கள் தங்கையோ மனைவியோ 'ஆமாம், பேரனுக்கு இருந்தது' என்று சொல்லியிருந்தால், தேதியில்லாமல், மூன்றே சொல்லில் அது கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும். நீங்கள் மறந்துவிடுவீர்கள், தாள் மறக்காது. நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணத்தையும் வைத்துத்தான் முடிவு. அந்த மூன்று சொல்லை விளக்க உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆகவே இரண்டாவது மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை முதலில் வாங்குங்கள். உங்கள் பக்கத்து ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு கெடிலம் ஆற்றில் இறங்குவது போல.

அதே கேஸ் ஷீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். அம்மாவுக்குச் சிறுவயதில் அம்மை போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் மருத்துவமனை சொல்லப்போவது இது: 'எங்களிடம் தொற்றவில்லை; பழைய கிருமி உடம்பிலேயே உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் அக்கியாக எழுந்து உடம்பெங்கும் பரவிவிட்டது.' குயவர் வீட்டில் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வார்களே, அதே அக்கிதான். சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமி. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு அக்கி ஓரிடத்தில் நிற்காமல் பரவுவது உண்டு என்பதால் இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. இரண்டாவது மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நோயின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வழக்கு நிற்கும் அல்லது படுக்கும்.

டயாலிசிஸ் எடுத்து வந்த ஒருவருக்காக முன்பு நான் வாதாடினேன். ஹெபடைடிஸ் சி கிருமி தொற்றியிருந்தது. மையத்தின் எந்திரத்தில் இருந்துதான் வந்தது என்பதில் குடும்பத்துக்குச் சந்தேகமே இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் முதல் டயாலிசிசுக்கு முன்பு அந்தக் கிருமி இல்லை என்று காட்டும் பரிசோதனைத் தாள் தொலைந்துவிட்டது; நடுவில் பத்து நாள் உறவினர் ஊரில் வேறொரு மையத்திலும் செய்துகொண்டிருக்கிறார். இவர் அவரைக் காட்டினார், அவர் இவரைக் காட்டினார். தோற்றோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களிடம் ஒரு நல்ல வழக்கு இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வழக்கு அது அல்ல. 'மருத்துவமனையில் தொற்றியது, ஆகவே குற்றம்' என்பது நிற்காது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் மருத்துவமனையில் தொற்று வரும் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நிற்கக்கூடியது வேறு: தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? 12ஆம் தேதி இரவு அந்தப் பெண்ணை மாற்றினார்கள் என்றால், அம்மை என்று அன்றே அவர்களுக்குத் தெரியும். வெள்ளை அணுக்கள் குறைந்த ஒருவர் மூன்று இரவு அதே காற்றைச் சுவாசித்தார் என்பதும் தெரியும். இப்படிப்பட்டவருக்கு எதிர்ப்பொருள் ஊசி இருக்கிறது. தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாம். 9இலிருந்து 10 நாள் என்றால் 19 வரை நேரம் இருந்தது. 13ஆம் தேதி டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத மறந்திருந்தால் 19க்குள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். காய்ச்சல் தணிந்தது, அடுத்த கீமோ இந்தத் தேதி என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது மட்டும் ஏன் எழுத வரவில்லை? மனுவின் மையம் இந்த மௌனம்தான். சின்னம்மை நோயாளியைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்பது எங்கும் உள்ள நடைமுறை. மத்திய சுகாதார அமைச்சகம் 2020இல் வெளியிட்ட தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதல்களும் கையில் இருக்கட்டும்.

அந்த 9ஆம் தேதியை நிரூபிக்க உங்களிடம் யார் இருக்கிறார்கள்? வேப்பிலை வைத்த மாமியார். வெளியார் சாட்சி அவர் ஒருவர்தான். தம்பியின் வீடியோவில் என்ன இருக்கிறது? மருத்துவமனையின் பெயர், அந்தக் குடும்பத்தின் ஊர், 'அம்மையை மறைத்து எங்கள் அம்மாவைக் கொல்லப் பார்த்தார்கள்' என்ற வசனம். மருத்துவமனை அவதூறு வழக்குப் போடுமா என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை, போட்டால் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்காகச் சாட்சி சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனுஷியைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தியிருக்கிறீர்கள், அதுதான் கவலை. அவர் மறைக்கவே இல்லை, வாய்விட்டுச் சொன்னார் என்று நீங்களே எழுதுகிறீர்கள்! வீடியோவின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு இன்றே நீக்குங்கள். நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். சாட்சி சொல்லும்படி அன்று கேட்க வேண்டாம். மன்னிப்போடு திரும்பி வாருங்கள்.

முதல் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. வக்கீல் நோட்டீசுக்கு முன்பே கேளுங்கள். ஏன் என்று கேட்டால், ஒரு வழக்கில் என் மேசைக்கு வந்த நகலில் செவிலியர் குறிப்பு ஒழுங்காக இருந்தது: இரவு 2.10க்கு மருத்துவருக்குத் தகவல் தரப்பட்டது என்று. ஆணையத்தில் அசலை வரவழைத்துப் பார்த்தால் அந்த ஒரு வரி மட்டும் வேறு நீலம், மற்ற வரிகளின் இடுக்கில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. ஜெராக்சில் எல்லா மையும் கறுப்பு. ஆகவே நகல் வந்ததும் அசலைப் பார்வையிடவும் கேளுங்கள். பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் கோப்பை உங்களுக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் 12ஆம் தேதி அறை மாற்றப் பதிவேட்டைப் பெயரை மறைத்துத் தாக்கல் செய்யும்படி ஆணையம் உத்தரவிட முடியும்.

சிறை என்பதை மறந்துவிடுங்கள். மருத்துவர் மீது குற்ற வழக்கு என்றால் சாதாரண கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு வேண்டும், அதையும் வேறொரு மருத்துவரின் கருத்துப் பெற்ற பிறகே எடுக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல் நிலையத்துக்கு நடக்கும் மாதங்கள் நுகர்வோர் வழக்கின் இரண்டு ஆண்டுக் காலவரம்பிலிருந்து கழியும். புதுச்சேரியில்தான் வழக்குப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்ட வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. மனுதாரர் அம்மாதான், நீங்கள் அல்ல.

எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010இல் தீர்ப்பு உண்டு. அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். நாள் கணக்கும் அக்கியும் மருத்துவர் வாயால் வர வேண்டியவை. சிகிச்சை தந்த மருத்துவர்கள் இன்னொரு மருத்துவமனைக்கு எதிராக எழுதித் தருவது அபூர்வம். வெளியே ஒரு தொற்றுநோய் நிபுணரைத் தேட வேண்டியிருக்கும், அவருக்குக் கட்டணமும் உண்டு.

இனி அந்த 1 லட்சத்து 12 ஆயிரம். பையனின் முத்து மார்கழி கடைசியில்தான் காய்ந்தது என்றால், அல்லது இரண்டாவது மருத்துவமனை 'அக்கி' என்று எழுதியிருந்தால், அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கசக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆணையத்தில் கிடைக்காது. தேதியும் நோயின் பெயரும் உங்கள் பக்கம் நின்றால் அந்தத் தொகையைத் தொட வேண்டாம். மனுவைத் தாக்கல் செய்துவிட்டுச் சமரசப் பிரிவுக்கு அனுப்பும்படி கேட்கலாம். 6 லட்சத்து 40 ஆயிரத்தில் தொடங்குங்கள். 4 லட்சத்துக்குக் குறையாமல் வந்தால் நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நானும் புன்னகைப்பதுண்டு. ஜெயித்தாலும் அவர்கள் மேல்முறையீடு செய்வார்கள். பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்றாலும், போவார்கள். உங்கள் அம்மாவுக்கு இன்னும் கீமோ பாக்கி இருக்கிறது. பணம் அதற்கு வேண்டும், இந்த ஆண்டே வேண்டும்.

எந்தத் தாளாக இருந்தாலும் அம்மாவின் கையெழுத்து இல்லாமல், காசோலை கையில் வராமல் முடிக்காதீர்கள். 'இனி எந்தக் காலத்திலும் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால், இந்த அம்மைத் தொற்றைப் பொறுத்த மட்டில் என்று சுருக்கச் சொல்லுங்கள். தவறு செய்தோம் என்று அவர்கள் எழுத மாட்டார்கள். அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்று இரவு தங்கையிடம் பேசி, முத்துக் காய்ந்த தேதியையும் தண்ணீர் ஊற்றிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி அந்த வீட்டுக்குப் போனாரா, எந்தெந்த நாள் என்பதையும் கேளுங்கள். விடுப்புக் கடிதத்தின் நகலும் இரண்டாவது மருத்துவமனையின் முதல் நாள் பக்கமும் கிடைத்ததும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வீடியோ வெளியிட்ட தம்பியையும் கூடவே அழைத்து வாருங்கள்.