நீரூற்றில் சிலை வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மோட்டார் இல்லாமல் தண்ணீர் எப்படிப் பீறிட்டது?

எனக்குப் பிடித்த உதாரணம், சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலிருந்த மாரி நகரத்தின் பெண் தெய்வச் சிலை. கி.மு. 18-ஆம் நூற்றாண்டு. கையில் ஒரு குடம். பாவாடை முழுக்க அலைக்கோடுகள், அதில் நீந்தும் மீன்கள். வெறும் சிலைதானே என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்: கல்லுக்குள்ளேயே அடியிலிருந்து குடம் வரை துளை போகிறது. உயரத்தில் வைத்த தொட்டியிலிருந்து தண்ணீர் விட்டால், அவள் குடத்திலிருந்தே அது வழிந்திருக்கும். ஆக, சிலையும் நீரூற்றும் ஒரே பொருளாக இருந்திருக்கின்றன.

சூட்சுமம் புவியீர்ப்புதான். மேட்டில் உள்ள தண்ணீரைக் குழாயில் அடைத்துக் கீழே கொண்டுவந்தால், அது ஏறக்குறைய பழைய உயரத்துக்கே எழும்பப் பார்க்கும்.

கிரேக்கர்கள் ஊற்று மண்டபங்களில் சிங்கமுகக் குழாய்களை வைத்தார்கள். அப்புறம் ரோமானியர்கள். அவர்களுக்கு இதில் கொஞ்சம் பித்துதான். கி.பி. 97-இல் ரோமின் நீர் விநியோக அதிகாரியான ஃபிரான்டினஸ், நகரில் 591 பொதுத் தொட்டிகள், 39 அலங்கார நீரூற்றுகள் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய நகரமான பாம்பேயியின் தெருக்களில் அந்த மாதிரித் தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். தண்ணீர் வரும் வாய்க்குப் பின்னால் ஒரு தெய்வ முகமோ விலங்கு முகமோ செதுக்கியிருக்கும். சில தொட்டிகளின் விளிம்பு ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது: கையை ஊன்றிக் குனிந்து தண்ணீர் குடித்த இடம்.