மூன்று நாள், பெரிய நகரம், சின்ன பட்ஜெட்: கேள்வி பதில்

குறைந்த செலவில், குறைந்த நாளில் பெரிய நகரங்களைச் சுற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல வருடங்களாக ஒரே தோள்பையோடு சுற்றுகிறவள் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மூன்று நாள் பயணம். பட்டியலில் 22 இடங்கள் இருக்கின்றன. முடியுமா?

முடியாது. பத்தை இப்போதே அடித்துவிடுங்கள். மீதியை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், இரண்டு மூன்று கொத்தாக விழும். ஒரு நாளைக்கு ஒரு கொத்து. காலையில் வடகோடி, மதியம் தென்கோடி, சாயங்காலம் மறுபடி வடகோடி என்று அலைவதில்தான் காசும் போகிறது, காலும் போகிறது. எந்தக் கொத்திலும் சேராமல் ஒரு புள்ளி தனியாக நிற்கும். அதற்கு அரை நாள் கொடுக்க மனம் வந்தால் போங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

அப்புறம், வார விடுமுறையைப் பாருங்கள். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஒர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. இது தெரியாமல் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

கேள்வி: நகர மையத்தில் அறை வாடகை கொள்ளை. புறநகரில் பாதிதான். எடுக்கலாமா மேடம்?

இந்தப் பாதி வாடகையில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு முறை ஊருக்கு வெளியே அறை எடுத்தேன். விளம்பரத்தில் ‘ரயில் நிலையம் அருகில்’ என்று போட்டிருந்தது. அருகில்தான். ஆனால் அந்த நிலையத்தில் இரவு கடைசி ரயில் சீக்கிரமே போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் இரவே டாக்சி. இரண்டு நாள் வாடகையில் மிச்சம் பிடித்ததை அந்த டாக்சி வாங்கிக்கொண்டது. மறுநாள் பயத்தில் ஏழு மணிக்கே திரும்பிவிட்டேன். விளக்கு போட்ட நகரத்தைப் பார்க்கவே இல்லை.

அதனால் வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒருவருக்கு ஆகும் தினசரி போக்குவரத்துச் செலவை எத்தனை பேரோ அத்தனையால் பெருக்குங்கள், அதை வாடகையோடு கூட்டுங்கள். போக வர ஆகும் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று நாள் பயணத்தில் தினமும் இரண்டு மணி நேரம் ரயிலில் போனால், மொத்தம் ஆறு மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு பகல். என் தேர்வு எப்போதும் நடுவாந்தரம்: மையத்திலிருந்து நாலைந்து நிறுத்தம் தள்ளி, ஆனால் வண்டி மாறாமல் நேராக மையத்துக்குப் போகும் பாதையில். முன்பதிவுக்கு முன் கடைசி வண்டி நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எல்லா இடத்துக்கும் ஒரே டிக்கெட் என்று சுற்றுலா பாஸ் விற்கிறார்களே?

வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். நிஜமாக உள்ளே போகப்போகிற இடங்களின் நுழைவுக் கட்டணத்தை மட்டும் எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பாஸ் விலையைத் தாண்டினால் வாங்குங்கள். ஒரு நாளைக்குப் பல இடம் ஓடினால்தான் பல பாஸ்கள் கட்டுப்படியாகும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே கிடையாது. இலவச இடத்துக்கு எதற்குப் பாஸ்?

போக்குவரத்துப் பாஸ் வேறு கதை. அதைக்கூட அவசரப்பட்டு வாங்க வேண்டாம். லண்டன் மாதிரி சில நகரங்களில் வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டே இருந்தால், அன்றைய உச்சவரம்பைத் தொட்டதும் அதற்குமேல் பிடிக்காது. ஒரே ஒரு நிபந்தனை: காலையில் தட்டிய அட்டையையே இரவு வரை தட்ட வேண்டும். காலையில் அட்டை, மதியம் போன் என்று மாற்றினால் இயந்திரத்துக்கு நீங்கள் இரண்டு பேர். கணவன் மனைவி ஒரே அட்டையைத் தட்டவும் முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும்.

கேள்வி: இலவச நாள் பார்த்துப் போனால் லாபம்தானே?

வாத்திகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம். வரிசையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது லாபம், மூன்று நாள் விருந்தாளிக்குச் சந்தேகம்தான். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் போல தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசமாகத் திறந்துவிடும் இடங்கள் பரவாயில்லை, கூட்டம் இருந்தாலும். வருடக்கணக்காகப் பார்க்க ஆசைப்பட்ட இடம் என்றால் காசு கொடுத்துக் காலையிலேயே போய்விடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்கக் கோபுரங்களில் கேட்கும் கட்டணம் கட்டுப்படியாகவில்லை.

டோக்கியோவில் மாநகர அரசு அலுவலகக் கட்டிடத்தின் 45-ஆவது மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம். உயரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால், நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுப் படகு இலவசம், சுமார் 25 நிமிடம், சுதந்திர தேவி சிலை தாண்டித்தான் போகும். எந்த ஊருக்குப் போனாலும் ஆற்றிலோ கடலிலோ உள்ளூர் மக்கள் வேலைக்குப் போகும் படகு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சுற்றுலாப் படகு காட்டும் காட்சியில் பெரும்பகுதி அதிலேயே தெரியும், காதுக்குள் கத்தும் ஒலிபெருக்கியும் இருக்காது.

கேள்வி: அம்மாவையும் கூட்டிப் போகிறேன். முழங்கால் வலி. மெட்ரோ வேகம் என்கிறார்களே?

வேகம்தான். படிகளும் அதிகம். பழைய சுரங்க நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்குப் பேருந்து அல்லது டிராம், அலுவலக நேரம் முடிந்த பிறகு, ஜன்னல் இருக்கை. நகர மையத்தைக் குறுக்காக வெட்டிப் போகும் சாதாரணப் பேருந்து ஒன்றைப் பிடித்தால் அதுவே ஒரு சுற்றுலா. பெரிய அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள், தயங்காமல் கேளுங்கள். நாளுக்கு ஒரு டாக்சிக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள். சாயங்காலம் திரும்பும்போது அது தேவைப்படும்.

கேள்வி: ஏடிஎம்மில் ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடலாமா’ என்று கேட்கிறது. சரி என்று அழுத்தலாமா அண்ணி?

வேண்டாம் தம்பி. உள்ளூர்ப் பணத்திலேயே கணக்கிடச் சொல்லுங்கள். அந்த ‘சரி’க்குள் ஏடிஎம் நடத்துகிறவர்களின் லாபம் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: மலிவு விமானம் கிடைத்தது. பாரிஸ் என்று போட்டிருக்கிறது, ஆனால் நிலையம் பொவே.

அது பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணத்தையும் நேரத்தையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பாருங்கள். நள்ளிரவில் இறங்குகிற விமானம் என்றால் இன்னும் ஒரு முறை யோசியுங்கள்.

கேள்வி: கடைசி நாள் அறையைப் பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். விமானம் இரவுதான். பெட்டியோடு எங்கே அலைவது?

தங்கிய இடத்திலேயே விட்டுப் போகலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால் பெரிய ரயில் நிலையங்களில் லாக்கர் தேடுங்கள். கடைசி நாளுக்கு அறைக்குப் பக்கத்துக் கொத்தை வைத்துக்கொண்டால் பெட்டிக்காக நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம். பாஸ்போர்ட், சார்ஜர், ஒரு மாற்றுச் சட்டை மூன்றும் கைப்பையில். பெட்டிக்குக் கொடுக்கும் சீட்டை உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். நான் ஒரு முறை தொலைத்துவிட்டு, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று வரவேற்பறையில் ஒவ்வொன்றாக ஒப்பித்துத்தான் வாங்கினேன். பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.