சூப்பர் விலேன்: கேட்வேக்கு பிங் போகிறது, பக்கத்து சப் விலேனுக்குப் போகவில்லை. ஏன்?

நீங்கள் கேட்டது: ஹுவாவே சுவிட்சில் விலேன் (VLAN, ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) 4-ஐ சூப்பர் விலேன் (பல விலேன்களுக்கு ஒரே ஐபி வரம்பும் ஒரே கேட்வேயும் தருவது) ஆக்கி, 2, 3 இரண்டையும் அதற்குள் சப் விலேனாகச் சேர்த்து, விலேனிஃப் 4-க்கு (அந்த விலேனின் ஐபி இடைமுகம், இங்கே அதுதான் கேட்வே) 10.1.1.1/24 கொடுத்திருக்கிறீர்கள். எல்லா கணினிகளும் கேட்வேயை எட்டுகின்றன. ஆனால் விலேன் 2-ல் இருப்பது 3-ல் இருப்பதை எட்டவில்லை.

ஒரே ஒரு வரிதான் பாக்கி. விலேனிஃப் 4-க்குள் போய் 'ஏஆர்பி-ப்ராக்ஸி இன்டர்-சப்-விலேன்-ப்ராக்ஸி எனேபிள்' என்று கொடுங்கள்.

காரணம் இதுதான். விலேன் 2-ல் உள்ள 10.1.1.10 கணினி, விலேன் 3-ல் உள்ள 10.1.1.20-ஐத் தேடுகிறது. இரண்டும் ஒரே /24 (ஒரே ஐபி வரம்பு) என்பதால், 'இது பக்கத்து வீடு, கேட்வே எதற்கு?' என்று நினைத்து நேராக ஏஆர்பி கேள்வியை ('இந்த ஐபி யாருடையது, உன் மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி என்ன?' என்பது) பிராட்காஸ்ட்டில், அதாவது எல்லோருக்கும் சேர்த்து அனுப்புகிறது. அந்த பிராட்காஸ்ட் விலேன் 2-ஐத் தாண்டாது. தாண்டக் கூடாது என்றுதானே விலேனே பிரித்தோம்! கேட்வேக்கும் அது கேட்கும், ஆனால் தன்னைக் கேட்கவில்லை என்று சும்மா இருந்துவிடும். ப்ராக்ஸியை இயக்கினால், கேட்வே தன் மேக் முகவரியைப் பதிலாகத் தரும். அப்புறம் பாக்கெட் அதன் வழியாக ரூட் ஆகிப் போகும்.

நானும் இதில் மாட்டியவன்தான். ஒரு வணிக வளாகத்தில் 4 சின்ன அலுவலகங்கள், கையில் இருந்தது ஒரு /27 பொது ஐபி, அதாவது 32 முகவரிகள். ஆளுக்கு ஒரு /29 என்று வெட்டினால் ஒவ்வொன்றிலும் நெட்வொர்க், பிராட்காஸ்ட், கேட்வே என 3 போய் 5 மிஞ்சும், மொத்தம் 20. அதிலும் ஒருவருக்கு 7 வேண்டும், இன்னொருவருக்கு 2 போதும். சூப்பர் விலேனில் அந்த 3 ஒரே முறைதான் போகும், 29 கிடைக்கும். 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3069 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் எழுதப்பட்டதே இந்த முகவரி வீணாவதைத் தடுக்கத்தான்.

அன்று நான் சந்தேகப்பட்டது டிரங்க்கை (பல விலேன்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு). விலேன் 4-ஐ டிரங்க்கில் சேர்க்கப் பாதி ராத்திரி போராடினேன். சூப்பர் விலேனுக்குச் சொந்தமாக போர்ட்டே கிடையாது. டிரங்க்கில் போவது சப் விலேனின் டேக் (விலேன் எண் அடையாளம்) மட்டும். அதேபோல் சப் விலேனுக்கு விலேனிஃப் கிடையாது. ஏற்கெனவே போர்ட் உள்ள விலேனில் 'அக்ரிகேட்-விலேன்' (சூப்பர் விலேன் ஆக்கும் கட்டளை) கொடுத்தால் சுவிட்ச் ஏற்காது, முதலில் போர்ட்களை எடுக்கவேண்டும். மேலே இருக்கும் ரூட்டருக்குத் தனியாக ஒரு சாதாரண விலேன் வையுங்கள். (பெயரைப் பார்த்து இதை லிங்க் அக்ரிகேஷனோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கேபிள்களைச் சேர்த்துக் கட்டுவது அது, இதோடு சம்பந்தமே இல்லை.)

சரி, அந்த வரியைக் கொடுக்கும் முன் ஒரு விஷயம்: அவர்கள் பேசிக்கொள்ளத்தான் வேண்டுமா? என் வளாகத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு அலுவலகத்தின் பிரிண்டரை அடுத்த அலுவலகம் எட்டுவதில் யாருக்கும் லாபமில்லை. அந்த ராத்திரி நான் தேடிய 'கோளாறு', வாடிக்கையாளர்கள் கேட்ட பாதுகாப்புதான். ப்ராக்ஸியை இயக்கினால் தேவைப்படும் இடங்களில் ஏசிஎல் (யார் யாரை எட்டலாம் என்ற விதிப்பட்டியல்) போடுங்கள். இயக்காவிட்டாலும், எல்லோரும் ஒரே முகவரி வரம்பைப் பகிர்வதால் ஒருவர் அடுத்தவருடைய ஐபியைக் கையால் போட்டுக்கொள்ள முடியும். டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கும் (எந்தக் கணினிக்கு எந்த ஐபி கிடைத்தது என்று சுவிட்ச் குறித்துவைப்பது) ஐபி சோர்ஸ் கார்டும் (அதற்குப் பொருந்தாத ஐபியைத் தடுப்பது) கட்டாயம் வேண்டும்.

இயக்கியபின் கணினியில் 'ஏஆர்பி -ஏ' அடித்துப் பாருங்கள். 10.1.1.1-க்கும் 10.1.1.20-க்கும் ஒரே மேக் முகவரி காட்டும். ஐபி மோதல் என்று பதறவேண்டாம், அப்படித்தான் இருக்கவேண்டும்.